கொடுத்து வைத்த தூக்கம்

தூக்கத்துக்கு என்று ஒரு பரிசு இருந்தால், கும்மிடிப்பூண்டி சிப்காட் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அதை மோசஸ் அண்ணனுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். மணவாள நகர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுவார். டிபன் பையை மடியில் வைப்பார். திருவள்ளூர் டவுனைத் தாண்டுவதற்குள் குறட்டை ஆரம்பித்துவிடும். பெரியபாளையத்தில் ஆடி மாதக் கூட்டம் மேளம் அடித்துக்கொண்டு பஸ்ஸை மறித்தாலும் சரி, எங்கள் டிரைவர் பரசுராமன் கவரைப்பேட்டையில் இறங்கி லாரிக்காரனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டாலும் சரி, அண்ணன் கண்ணைத் திறக்க மாட்டார். கம்பெனி கேட்டில் நான்தான் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்.

அந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பஸ்ஸில் சீட்டு என்பது பட்டா போட்ட நிலம் மாதிரி. நம்பர் எதுவும் எழுதியிருக்காது. ஆனால் முதல் நாள் ஒருவன் எதில் உட்கார்ந்தானோ, ரிட்டயர் ஆகிறவரை அது அவனுடையது. நான் ஃபிட்டராகச் சேர்ந்த அன்று காலியாக இருந்த ஒரே இடம் மோசஸ் அண்ணனின் பக்கத்து இடம். அது ஏன் காலியாக இருந்தது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் அந்தக் குறட்டையைக் காதில் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, அவர் மனைவியைத் தவிர.

ஊரே அவரைப் பார்த்து வயிறெரிந்தது. "மனசுல கள்ளம் கெடையாதுய்யா, அதான் சாஞ்சா தூக்கம் வருது" என்பார்கள். எனக்கோ இன்சார்ஜ் முகத்தை நினைத்தாலே வந்த தூக்கம் ஓடிவிடும். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொல்லி வைத்தவன் எங்கள் பஸ்ஸில்தான் போய் வந்திருக்க வேண்டும்.

அந்தக் குறட்டையில் ஒரு விசேஷம் இருந்தது. ஏறிக்கொண்டே போகும், திடீரென்று நின்றுவிடும். சத்தமே இருக்காது. "அப்பாடா, இப்பதான் அசந்து தூங்குறாரு" என்று பின் சீட்டில் யாராவது சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஏரியில் முங்கி எழுந்தவர் போல ஒரு பெரிய இழுப்பு. உடம்பு தூக்கிப் போடும். மறுபடி குறட்டை. நாங்கள் எல்லாரும் அந்த இடைவெளிகளில்தான் தூங்கப் பழகியிருந்தோம்.

அண்ணன் எங்கள் கம்பி ஆலையில் கிரேன் ஆபரேட்டர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் காலைத் தொங்கப் போட்டபடி ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே பழுக்கக் காய்ச்சிய இரும்பு போகும். அங்கே மட்டும் அவர் தூங்கியதே இல்லை. சட்டைப் பையில் பச்சை மிளகாய் வைத்திருப்பார். கண் சொருகும்போது ஒன்றை எடுத்து நறுக்கென்று கடிப்பார். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருக்கும். இத்தனை தூங்குகிற மனிதனுக்கு மிளகாய் எதற்கு என்று ஒரு பயலும் கேட்கவில்லை. பாதுகாப்பு வாரத்தில் கம்பெனி அவரை மேடையேற்றி ஒரு டிபன் கேரியர் கொடுத்தது.

அவர் மனைவி செண்பகம் அண்ணியும் தூக்கத்துக்குப் பெயர் போனவர்தான். ஆனால் அவர் வாங்கிய பெயர் வேறு. சர்ச்சில் பாஸ்டர் வாயைத் திறந்தால் அண்ணி கண்ணை மூடுவார். ஜெபம் செய்கிறார் என்று முதலில் நினைப்பார்கள். தலை சரிந்து பக்கத்தில் இருப்பவர் தோளில் விழும்போது விஷயம் தெரிந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தூங்கி, முறை போய், மறுபடி கடைசியில் நின்றிருக்கிறார். "புருஷன் ராவும் பகலும் ஒழைச்சிக்கினு கீறான், இந்தம்மா இன்னாடான்னா தூங்கி வழியுது" என்று எதிர்வீட்டு கெங்கம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். புருஷன் தூங்கினால் கள்ளமில்லாத மனசு, பெண்டாட்டி தூங்கினால் சோம்பேறித்தனம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அண்ணனுக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. பஸ்ஸில் ஆளுக்கு ஆள் டாக்டர். ஒருவன் சுளுக்கு என்றான், இன்னொருவன் மெல்ல யானைக்கால் என்று காதைக் கடித்தான். யானைக்கால் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் அவசர அவசரமாகச் சுளுக்குக் கட்சிக்குத் தாவிவிட்டார். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கட்டுக்காரரிடம் போனார். அந்த ஆள் எண்ணெய் ஊற்றிக் காலை மேலும் கீழும் நன்றாக நீவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். வீக்கம் தொடைக்கு ஏறியது. திருவள்ளூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்துபோய் நிற்கிறது என்றார்கள்.

"நீவினீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

"எதமா கீதுன்னு ரெண்டு தபா நீவச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆள் அங்கேயே காலி என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியாக, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

ரெஸ்ட் என்ற சொல்லை மட்டும் எங்கள் ஆட்களிடம் சொல்லக் கூடாது. அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் பஸ் சரித்திரத்தில் முதல் தடவையாகச் சீட்டுச் சட்டம் மாறியது. கடைசி நீள சீட்டில் இருந்த ஐந்து பேர் எழுந்து, அதை அவருக்கு விட்டுக் கொடுத்தார்கள். தலையணை வந்தது. "நல்லா மல்லாந்து படுண்ணே, காலை நீட்டு" என்று படுக்க வைத்தார்கள். மல்லாந்து படுத்ததும் குறட்டை பஸ்ஸின் கூரையைத் தொட்டது, நடுவில் நிற்கிற நேரமும் நீண்டது. "பாத்தியா, ரெஸ்ட்டு எடுத்ததும் எவ்ளோ அமைதியா தூங்குறாரு" என்று பரசுராமன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். நல்லது செய்கிறோம் என்ற பூரிப்பு எல்லார் முகத்திலும் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் கிரேன் ஏணியில் பாதி ஏறும்போது அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான்கு பேர் ஏறி இறக்கினோம். சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மாத்திரை போட்டும் மறுபடி கட்டி உண்டாகியிருக்கிறது, இந்தத் தடவை நுரையீரலுக்கே போய்விட்டது என்றார்கள். ஆள் பிழைத்தது தெய்வாதீனம். அண்ணி வெளியே பெஞ்சில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் புரட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் ஒரு பெண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். சின்ன வயசு, ஆனால் கறார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"நான் கையில குடுத்து, முழுங்கறத பாத்துட்டுதாம்மா அப்பால நவுருவேன்" என்றார் அண்ணி.

"தூக்கம் எப்படி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிட யார் இருக்கிறார்கள். "அதுல மட்டும் ஒரு குறையும் கெடையாது டாக்டர். எங்க கம்பெனியிலயே அவரை அடிச்சிக்க ஆள் இல்ல."

"உங்களைக் கேட்கல" என்றார் டாக்டர். அண்ணியிடம் திரும்பி, "குறட்டை விடுவாரா? நடுவுல மூச்சு நிக்குதா?" என்று கேட்டார்.

அண்ணி தரையைப் பார்த்தார். உதவி செய்கிறேன் என்று நான் செல்போனை எடுத்தேன். எங்கள் பஸ் வாட்ஸாப் குரூப்பில் அண்ணன் தூங்குகிற வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எவனோ நாதஸ்வரம் வேறு சேர்த்திருந்தான். குறட்டை நிற்கிற இடத்தில் நாதஸ்வரமும் நிற்கும், பஸ்ஸே கொல்லென்று சிரிக்கும். டாக்டர் அதை ஒரு தடவை பார்த்தார். சத்தத்தை நிறுத்திவிட்டு, அண்ணனின் நெஞ்சை மட்டும் விரலால் பெரிதாக்கி மறுபடி பார்த்தார்.

"இதுல அவர் மூச்சு விடல" என்றார். "நீங்க எல்லாரும் சிரிக்கிறீங்க."

நான் செல்போனைத் திருப்பி வாங்கவே தயங்கினேன். அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார்.

"நிக்கும்மா. நின்னா முழங்கையால ஒரு இடி இடிப்பேன். வந்துடும்."

"எத்தனை வருஷமா?"

"கண்ணாலம் ஆனதுலேர்ந்தே. இருபத்தி மூணு வருஷம் ஆவுது."

"ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை இடிப்பீங்க?"

"அத யாரும்மா எண்ணிக்கினு கீறாங்க. நின்னா இடிப்பேன்."

"அப்போ நீங்க எப்ப தூங்குவீங்க?"

அண்ணி நிஜமாகவே யோசித்தார். "சர்ச்சுல" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. சர்ச்சும், ரேஷன் கடையும், கெங்கம்மாளின் வாயும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. இந்த மனுஷி இருபத்து மூன்று வருடம் ஒரு ஆளைப் பிடித்து இழுத்து உயிரோடு வைத்திருக்கிறார், நாங்கள் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே நிற்கவே எனக்குக் கூசியது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஒரு வியாதி என்று டாக்டர் விளக்கினார். "ரத்தக்கட்டி வந்தவங்கள்ல நிறைய பேருக்கு இது இருக்கு. இதனாலதான் அது வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அவர் எடை இருக்கு, அசையாம உக்காந்தே பார்க்கிற வேலை இருக்கு. ஆனா மூச்சு நிக்கிறப்பல்லாம் ரத்தத்துல ஆக்சிஜன் குறையுது, ரத்தம் உறையறதுக்கு அது தோதுன்னு சொல்றாங்க. மாத்திரையையும் விடக் கூடாது, இதையும் விடக் கூடாது. இன்னொரு தடவை நுரையீரலுக்குப் போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு இரவு தூங்க வைத்துச் சோதனை செய்தார்கள். முடிவு வந்தது. மோசஸ் அண்ணன் தூங்குவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விடிய விடிய மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பஸ்ஸில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அண்ணனுக்கோ மானமே போன மாதிரி ஆகிவிட்டது. "அப்போ இத்தினி வருஷமா நான் இன்னாத்ததான் பண்ணிக்கினு இருந்தேன் அன்பு?" என்று என்னிடம் கேட்டார்.

வீட்டுக்கு ஒரு மிஷின் வந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி. தூங்கும்போதெல்லாம் அது காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். தூங்கும்போதெல்லாம் என்றால் எல்லா நேரமும், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியிருந்தார். முதல் நாளே கெங்கம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மோசஸை வென்டிலேட்டரில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒப்பாரி வைத்தார். சர்ச்சில் சிறப்பு ஜெபம் நடந்தது. ஹார்லிக்ஸும் திராட்சையும் வந்து குவிந்தன. அண்ணன் எழுந்து வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். திராட்சையை யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை.

மிஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. குறட்டை சுத்தமாக நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று. சத்தம் நின்றால் இடிப்பது என்று அண்ணியின் முழங்கைக்கு இருபத்து மூன்று வருடப் பழக்கம். இப்போது சத்தமே இல்லை. முழங்கை சும்மா இருக்குமா? அண்ணன் ஆழ்ந்து தூங்கும்போதெல்லாம் விலாவில் ஓர் இடி விழுந்தது. முகமூடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று அலறி எழுந்தார். ஒரு வாரம் பார்த்தார்.

"இன்னா பேஜாரு இது? மிஷினு ஊதுது, நீ இடிக்கிற. நான் எப்பதான் தூங்கறது?" என்று முகமூடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். அன்றைக்கே குறட்டை திரும்பி வந்தது. அண்ணியும் பழையபடி காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

இது எனக்குப் பஸ்ஸில்தான் தெரிந்தது. அண்ணனைக் கிரேனிலிருந்து இறக்கி எடைமேடைக்கு மாற்றியிருந்தார்கள். பஸ்ஸில் அவரை யாரும் தூங்க விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம், ஆனாலும் கண்ணசந்துவிட்டார். குறட்டை ஏறியது, நின்றது. முன்பெல்லாம் அப்பாடா என்ற பஸ் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஓங்கி ஒரு இடி இடித்தேன். மூச்சு வந்தது. எனக்கு வந்த கோபத்தில், ஷிப்ட் முடிந்ததும் என் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"சாவணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? டாக்டர் சொன்னது காதுல வுழல?" என்று கத்தினேன்.

அண்ணன் பரணைப் பார்த்தார். அண்ணிதான் பதில் சொன்னார். "அவரை வையாத அன்பு. என்னாலதான். சத்தம் இருந்தா உசுரோட கீறாருன்னு தெரியும். அந்த மிஷினை மாட்டிக்கினா கம்முனு கெடக்குறாரு. பொணத்துக்குப் பக்கத்துல படுத்துக்கினு கீற மாதிரி கீது. எனக்கு பயமா கீது அன்பு." சொல்லும்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

கத்துவதற்கு என்று நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பரணில் ஏறி முகமூடியை எடுத்து, தூசி தட்டி, மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணிதான் சொன்னார். மறுநாள் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அண்ணி இடிக்கக் கூடாது என்று முழங்கையை மடக்கிக்கொண்டு, மூச்சு கேட்கிறதா என்று அவர் முகத்தருகே குனிந்திருக்கிறார். முகமூடியின் மூக்குப் பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், விட்ட மூச்சு வெளியே போவதற்கு. அதிலிருந்து காற்று அண்ணியின் கன்னத்தில் பட்டது. மூச்சு விடும்போது பலமாக, இழுக்கும்போது மெல்ல. அண்ணி அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. அன்றிலிருந்து இடி நின்றது. அதற்குப் பதிலாக, அண்ணன் எழுகிறவரை கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் முகம் தெளிந்தது, மிளகாய்கூட இப்போது குழம்புக்கு மட்டும்தான். அண்ணி மட்டும் சர்ச்சில் வழக்கம்போலத் தலை சாய்ந்தார்.

போன மாதம் எங்களுக்கு நைட் ஷிப்ட். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பஸ் வந்தது. ஸ்டாப்பில் அண்ணன் இல்லை. பரசுராமன் இரண்டு தடவை ஆரன் அடித்தார். அண்ணன் வீடு ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆள் வரவில்லை. நான் இறங்கி ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் பாயில் மல்லாந்து கிடந்தார். முகத்தில் முகமூடி. துளி அசைவு இல்லை.

"அண்ணே" என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். முழுசாகத் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணி சுருண்டு படுத்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மட்டும் முகமூடியின்மேல் கிடந்தது. அண்ணன் எழுந்தால் அந்தக் கை விழும்.

பரசுராமன் மறுபடி ஆரன் அடித்தார். அண்ணன் ஒரு கையைத் தூக்கி, அந்தச் சத்தத்தை முதலில் நிறுத்து, நீ கிளம்பு என்று விரலாலேயே என்னைத் திட்டினார். நான் பஸ்ஸுக்குத் திரும்பி ஓடினேன். "ஆரன் மேல கை வெச்ச, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். பரசுராமன் பயந்துபோய், "உசுரோட கீறாரா இல்லியா, அத சொல்லுய்யா" என்றார். சொன்னேன். லாரிக்காரனையெல்லாம் சட்டையைப் பிடித்து இழுக்கிற மனிதர், அந்தத் தெருவைத் தாண்டுகிறவரை பஸ்ஸை நடக்க வைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ் என்னைப் பிடித்துக்கொண்டார். "மோசஸ் எங்கே? உடம்பு சரியில்லையா?"

"அவரு நல்லா கீறாரு சார். லீவு."

"என்ன காரணம்?"

"அவரு சம்சாரம் தூங்குது சார்."

இன்சார்ஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூங்கினா எழுப்பிட்டு வர வேண்டியதுதானே?"

"கண்ணாலம் ஆயி இருபத்தி மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் தூங்குது சார்" என்றேன். "எழுப்பணும்னா நீங்களே போய் எழுப்பிக்கோங்க."